நூற்றிருபத்தெட்டாம் படுக்கையிலிருந்து

பம்பரம் என்று அவளுக்குப் பெயர் வைத்தது அலுவலகத்தில் யார் என்று இன்றுவரை துப்புத் துலங்கவில்லை. யாராக இருந்தாலும் கண் உள்ளவர். நாற்காலியில் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் அவள் உட்கார்ந்து பார்த்தவர் கிடையாது. யோசிப்பதென்றால் அவளுக்கு நடக்க வேண்டும். ஜன்னலுக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவே பதினாறு எட்டு. போவாள், வருவாள், திடீரென்று ஓடிவந்து நின்றபடியே நாலு வரி தட்டுவாள், மறுபடி கிளம்பிவிடுவாள். பக்கத்து மேசைத் தாடிக்கு முதல் மாதம் தலை சுற்றியது. இரண்டாம் மாதத்திலிருந்து, அவள் நடக்காவிட்டால்தான் அவனுக்கு வேலை ஓடவில்லை.

நாற்பத்தேழு வயதில் ஊரார் மெச்சிக்கொள்ளும்படி அவளிடம் ஒன்றுமில்லை. பரிசு வாங்கியதில்லை, பத்திரிகையில் படம் வந்ததில்லை. மருத்துவமனைகளுக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுக்கும் சின்ன நிறுவனம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகக் குப்பை கொட்டுகிறாள். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அவர் அவளுக்கு நேர் எதிர். கண்ணுக்கே தெரியாத ஒரு திருகை அரை மணி நேரம் குனிந்து முடுக்குவார். அது கீழே விழுந்தால் கோபப்படாமல் இன்னோர் அரை மணி நேரம் தேடுவார். இந்த இரண்டு பேரையும் சேர்த்து வைத்தது யாரோ, அவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு.

அதே வீட்டின் மாடியில் கணவரின் தங்கை இருந்தாள். பெரிய மருத்துவமனையில் நர்ஸ். வயது முப்பத்தொன்பது ஆன பின்னும் வீட்டில் பாப்பாதான். கல்யாணம் வேண்டாம் என்று ஒரே பிடியாக இருந்துவிட்டவள். வார்டே அவளுக்கு உலகம். மூன்று பேருக்கும் சாப்பாடு கீழ்வீட்டில், ஒரே மேசையில்.

இனி வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் கதை நகராது.

பம்பரத்தின் நிறுவனத்துக்கு ஒரு கிறுக்கு உண்டு. உலகமெல்லாம் புழங்குகிற நிரல்மொழிகள் கொட்டிக் கிடக்க, தொடக்கத்தில் அங்கிருந்த நாலு பேர் கூடி உட்கார்ந்து தங்களுக்கென்று சொந்தமாக ஒன்றைச் செய்துகொண்டார்கள். அதற்கு வீட்டுமொழி என்று பெயர். எழுத எளிது, படிக்க எளிது. எந்தப் படுக்கையில் யார், யாருக்கு எந்த வேளை என்ன மருந்து என்று வார்டுகளை நடத்துகிற புரோகிராம் முழுவதும், நாலு லட்சம் வரி, அந்த மொழியில் எழுதப்பட்டது. வில்லங்கம் என்னவென்றால், வீட்டுமொழி ஒரே ஒரு வகைப் பழைய கம்ப்யூட்டரில்தான் ஓடும். அந்தக் கம்ப்யூட்டரைச் செய்தவர்கள் கடையை மூடிக்கொண்டு போய்ப் பல வருடமாகிறது. ஒன்று படுத்தால் இன்னொன்றின் வயிற்றைக் கிழித்து உதிரிப்பாகம் எடுத்தார்கள்.

நாலு லட்சம் வரியையும் புது மொழியில் திருப்பி எழுத ஆறு வருடம் ஆகும் என்று கணக்குச் சொன்னார்கள். பம்பரம் நடந்தாள். மூன்று நாள் நடந்துவிட்டு மேலாளரிடம் வந்து நின்றாள். எந்தப் பேச்சை எடுத்தாலும் 'எந்தத் தேதிக்குள்ள?' என்று கேட்கிற அந்த மனிதருக்கு கேலண்டர் என்று பெயர்.

"ஒரு வரிகூடத் திருப்பி எழுத வேணாம் சார். பெரிய மொழிக்காரங்க ஒரு மெய்நிகர் இயந்திரம் வச்சிருக்காங்க இல்லையா? கம்ப்யூட்டருக்குள்ள ஓடற பொய்க் கம்ப்யூட்டர். அது எந்த மெஷின்லயும் ஓடும். நம்ம வரிங்களை அதுக்குப் புரியற கட்டளையா மாத்திக் குடுத்துட்டா, நம்ம மொழி அது மேல ஏறி உக்காந்துக்கும்."

"அடுத்தவங்க மொழிக்குச் செஞ்ச இயந்திரத்துல நம்ம மொழி ஓடுமா?"

"ஓட வைக்கறேன்."

"எந்தத் தேதிக்குள்ள?"

இரண்டு வருடம் பிடித்தது. அடுத்தவர் சமையலறையில் போய்ச் சமைப்பது போன்ற வேலை அது. அடுப்பு எரியும், ஆனால் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று அந்த வீட்டுக்காரிக்குத்தான் தெரியும். வீட்டுமொழியில் ஒரே சொல்லால் ஆகிற காரியத்துக்கு அந்த இயந்திரத்தில் இரண்டு வழி இருக்கும். இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் ஒன்றல்ல. பம்பரம் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து இணைத்தாள். தாடி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சோதித்தான். ஒன்பதாயிரம் சோதனை. ஒன்பதாயிரமும் பச்சை.

பெரிய மருத்துவமனையில்தான் முதலில் மாற்றினார்கள். நூற்றிருபது படுக்கை. காலையில் பழைய கம்ப்யூட்டரை அணைத்தார்கள், பத்து நிமிடத்தில் புதியது எழுந்தது, நர்ஸ்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. தெரியாததுதான் அவளுக்குப் பரிசு. அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்து ஐந்து மருத்துவமனைகள் வரிசையில் நின்றன. எட்டு மாதம் ஒரு முனகல் இல்லாமல் ஓடியது.

எட்டாம் மாத முடிவில் மருத்துவமனையில் புதுக் கட்டடம் திறந்தார்கள். நூற்றிருபத்தொன்றிலிருந்து நூற்றைம்பது வரை முப்பது படுக்கை. வாசலை ஒட்டி ஏழு படுக்கையுள்ள ஓர் அறை, அதைத் தாண்டி மிச்சத்துக்கு நீளமான ஒரு கூடம். பாப்பாவை அங்கே பொறுப்பு நர்ஸாகப் போட்டார்கள். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

மருந்து கொடுக்கும் முறை இது. மருந்துப் பொட்டலத்தில் படுக்கை எண் அச்சிட்ட ஒரு சீட்டு இருக்கும். நோயாளியின் கைப்பட்டையிலும் அதே எண். இரண்டையும் ஸ்கேனரில் காட்ட வேண்டும். ஒத்துப்போனால் பச்சை விளக்கு. ஒத்துப்போகாவிட்டால் கருவி கத்தும், திரையில் 'வேறு நோயாளி' என்று சிவப்பில் வரும். கைப்பட்டை நனைந்து, சீட்டு கசங்கி, கருவி படிக்க முடியாமல் போவதும் உண்டு என்பதால் கீழே ஒரு பொத்தான்: 'கையால் உறுதி செய்'. நர்ஸ் தன் கண்ணால் பார்த்துவிட்டு அதை அமுக்கலாம்.

முதல் வாரத்திலேயே சாப்பாட்டு மேசையில் பாப்பா சொன்னாள்.

"அண்ணி, உங்க மிஷினு புது வார்டுல சும்மா சும்மா கத்துது. நம்பர் சரியாத்தான் இருக்கு. ஆனா வேற நோயாளிங்குது."

"பட்டைய நேரா காட்டுறியா?"

"பதினேழு வருஷமா இதத்தான் செய்யறேன். எனக்குப் பட்டை காட்டத் தெரியாதா?"

இரண்டாம் வாரம் மறுபடி சொன்னாள். இந்தத் தடவை விவரமாகவே சொன்னாள். "முன் ரூம்ல ஏழு பெட்டுக்கும் கத்தறதே இல்ல. கூடத்துக்குள்ள நுழைஞ்சா, எட்டாவது பெட்டுலேருந்து கடைசி வரைக்கும் ஒவ்வொரு தடவையும் கத்துது. நாங்க அதுக்கு நல்ல ரூம், கெட்ட ரூம்னே பேர் வச்சிட்டோம்."

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி என்ன சொல்ல முடியும்? ஆனால் பம்பரத்தின் மூளை அன்று சுவரைப் பிடித்துக்கொண்டது. வைஃபை பெட்டி வாசலில் இருக்கிறது; கூடம் தள்ளி இருக்கிறது; நடுவே தடிமனான சுவர். சிக்னல் போதவில்லை, அரைகுறையாகப் படிக்கிறது, கத்துகிறது. முடிந்தது வழக்கு. வயர்மேனை அனுப்பி இன்னொரு பெட்டி மாட்டச் சொன்னாள். அவன் மாட்டினான். கத்தல் நிற்கவில்லை. மூன்றாம் தடவை பாப்பா வாயைத் திறந்தபோது பம்பரம் அடுத்த மருத்துவமனையின் வேலையில் தலைக்கு மேல் மூழ்கியிருந்தாள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், "புகார் எண்ணுக்குப் போட்டு விடு பாப்பா, வரிசைல பாப்பாங்க" என்று சொல்லிவிட்டு மாடிப்படிவரை நடந்து திரும்பினாள். பாப்பா அதற்குப் பிறகு சொல்லவில்லை.

புகார் எண்ணிலிருந்து ஒரு பதில் வந்தது. 'கைப்பட்டையை நேராகக் காட்டவும்.'

இருபத்து மூன்று படுக்கை. ஒரு நாளைக்கு ஒரு படுக்கைக்கு எட்டு, ஒன்பது மருந்து. ஒவ்வொன்றுக்கும் கத்தல். ஒவ்வொன்றுக்கும் பொத்தான். முதல் வாரம் நர்ஸ்கள் இரண்டு எண்ணையும் படித்துப் பார்த்து அமுக்கினார்கள். இரண்டாம் வாரம் ஓரக்கண்ணால் பார்த்து அமுக்கினார்கள். ஐந்தாம் வாரம் கத்துவதற்கும் அமுக்குவதற்கும் நடுவே மூச்சுவிட இடமில்லை. சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால், அவர்கள் வந்து ஒரு ஷிப்ட் அந்தக் கூடத்தில் நிற்கட்டும்.

ஏழாம் வாரம், பட்டப்பகல் பன்னிரண்டரை மணிக்கு, நூற்று முப்பத்து நாலாம் படுக்கைக்கான இன்சுலின் நூற்று நாற்பத்து மூன்றாம் படுக்கைக்காரருக்குப் போனது. தட்டில் இரண்டு பொட்டலம் இடம் மாறியிருந்தன. கருவி கத்தியது. பாப்பா அமுக்கினாள்.

நூற்று நாற்பத்து மூன்றில் இருந்தவர் ஒரு பஸ் கண்டக்டர். முழங்கால் அறுவைக்கு வந்தவர். சர்க்கரை வியாதி என்று ஒன்று அவருக்குக் கிடையாது. ஒரு மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி, மயங்கிப் போனார். அவர் மனைவி போட்ட சத்தத்தில் எல்லோரும் ஓடிவந்தார்கள். முதலில் ஓடிவந்து என்னவென்று கண்டுகொண்டு குளுக்கோஸ் ஏற்றியதும் பாப்பாதான். மருந்தைக் கொடுத்தது தானென்று டாக்டரிடம் சொன்னதும் அவளேதான். இரண்டு நாள் தீவிர சிகிச்சையில் இருந்து அவர் பிழைத்துக்கொண்டார்.

பாப்பாவைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். அடுத்த திங்கட்கிழமை விசாரணை. அன்றே வேலை போய்விடும் என்றும், நர்ஸ் உரிமமே பறிபோகலாம் என்றும் பேச்சு அடிபட்டது. அவள் மாடியை விட்டு இறங்கவில்லை. அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு மேலே போவதும், தொடாத தட்டோடு கீழே வருவதுமாக இருந்தார்.

நிறுவனத்தில் கேலண்டருக்கு அன்று முகத்தில் ஒரே பிரகாசம். "பாத்தீங்களா? நம்ம சாஃப்ட்வேர் கரெக்டா எச்சரிச்சிருக்கு. நர்ஸுதான் தள்ளிட்டாங்க. விசாரணைல ஒரு அறிக்கை கேக்கறாங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துடுங்க."

உண்மையைச் சொன்னால், பம்பரத்துக்கும் நெஞ்சின் ஓர் ஓரத்தில் அப்படி ஒரு நிம்மதி இருந்தது. பாப்பாவை நினைத்தால் வயிறு எரிந்தது. ஆனால் என் இயந்திரம் தப்புச் செய்யவில்லை என்று இன்னொரு குரல் உள்ளே மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் குரலை நினைத்துத்தான் அவள் பிற்பாடு ரொம்ப நாள் வெட்கப்பட்டாள்.

அறிக்கைக்காகப் புது வார்டின் பதிவேட்டைத் திறந்தாள். கருவி எப்போது எதற்குக் கத்தியது என்பதெல்லாம் அதில் தானாகவே பதிவாகும். யாரும் படிப்பதில்லை. அன்றைய பன்னிரண்டரை மணியைத் தேடினாள். கிடைத்தது: 134, 143, வேறு நோயாளி. சரிதான். கண் அதற்கு மேல்வரியில் விழுந்தது. 131, 131, வேறு நோயாளி. அதற்கு மேல்: 140, 140, வேறு நோயாளி. அதற்கு மேல்: 129, 129, வேறு நோயாளி.

சக்கரத்தை உருட்டினாள். உருட்டிக்கொண்டே போனாள். ஒன்பதாயிரத்துச் சொச்சம் வரி. எல்லாம் ஒரே மாதிரி. சிக்னல் அரைகுறையாக இருந்தால் எண் சிதைந்தல்லவா வந்திருக்க வேண்டும்? இங்கே இரண்டு எண்ணும் முழுதாக, சுத்தமாக, ஒன்றாகவே வந்திருக்கின்றன. வந்த பின்னும் வேறு என்கிறது. எந்த எண்ணில் இது ஆரம்பிக்கிறது என்று பார்த்தாள். நூற்றிருபத்தேழுக்கு ஒரு கத்தல்கூட இல்லை. நூற்றிருபத்தெட்டுக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை.

அவள் தொழிலில் இருக்கிற யாருக்கும் அந்த எண்ணைப் பார்த்தால் சுவர் ஞாபகம் வராது. வாழ்நாளில் முதல் தடவையாக அசையாமல் நின்றாள். தாடி திரும்பிப் பார்த்தான்.

"என்ன மேடம், நடக்கலையா?"

"தாடி, வீட்டுமொழில ரெண்டு நம்பர் ஒண்ணான்னு கேக்கறதுக்கு நாம எதப் போட்டோம்?"

"வேகமானதத்தான் போட்டோம். நீங்கதான சொன்னீங்க?"

அவள்தான் சொன்னாள். அந்த இயந்திரத்தில் 'ஒன்றா?' என்று கேட்க இரண்டு வழி. இரண்டின் மதிப்பும் சமமா என்று திறந்து பார்ப்பது ஒன்று. அது கொஞ்சம் மெதுவானது. இரண்டும் ஒரே பொருள்தானா என்று மேலோட்டமாகக் கேட்பது இன்னொன்று, அது வேகமானது. அந்த இயந்திரம் நூற்றிருபத்தேழு வரையுள்ள சின்ன எண்களை முன்கூட்டியே செய்து அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும். யார் கேட்டாலும் அதே துண்டை எடுத்து நீட்டும். ஆகவே இரண்டு ஐம்பதும் ஒரே பொருள். அதற்கு மேற்பட்ட எண்ணை ஒவ்வொரு தடவையும் புதிதாகச் செய்து கொடுக்கும். ஆகவே இரண்டு நூற்றிருபத்தெட்டு இரண்டு தனித்தனிப் பொருள். ஒரே பொருளா என்று கேட்டால், இல்லை என்று சொல்லும். அதன் மட்டில் அது பொய் சொல்லவில்லை. கேள்விதான் தப்பு.

நூற்றிருபது படுக்கை இருந்த மருத்துவமனைக்கு எழுதிய ஒன்பதாயிரம் சோதனையிலும் படுக்கை எண் நூற்றிருபதைத் தாண்டவில்லை.

திருத்தம் ஒரே வரி. நாலு நிமிடத்தில் முடித்தாள். நூற்றிருபத்தெட்டும் நூற்றிருபத்தெட்டும் ஒன்று என்றது இயந்திரம், சமர்த்தாக. கேலண்டரின் அறைக்குப் போய்ச் சொன்னாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு மெல்லத் தெம்பு வந்தது.

"சரி பண்ணிட்டீங்க இல்ல? வழக்கமான அப்டேட்டோட அனுப்பிடுங்க. எதுக்கு விசாரணைல இதப் போட்டுக் குழப்பணும்?"

"அந்த நர்ஸுக்கு வேலை போகப் போகுது சார்."

"நான் ஒண்ணு கேக்கறேன். அன்னிக்குப் பன்னெண்டரை மணிக்கு மிஷின் சொன்னது சரியா, தப்பா?"

"சரி."

"அப்ப? அந்த ஒரு தடவை நம்ம மேல தப்பில்ல. அதப் பத்திதான விசாரணை? அஞ்சு ஆஸ்பத்திரி காத்துட்டிருக்கு. உங்க வேலை, என் வேலை, தாடி வேலை எல்லாத்தையும் நெனச்சுப் பாருங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளை அரித்தது. பொய்யாக இருந்தால் முகத்துக்கு நேரே மறுத்துவிட்டு வந்திருப்பாள். பஸ்ஸில் இடமிருந்தும் உட்காராமல் வந்தாள். இரண்டு நிறுத்தம் முன்னாடியே இறங்கி நடந்தாள். கணவரின் கடைக்குள் நுழைந்து, கண்ணாடிச் சட்டங்கள் தொங்கும் சுவரோரம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தபடி ஒன்று விடாமல் சொன்னாள். அவர் ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார். கடைசியில் ஒரே கேள்விதான்.

"பாப்பாகிட்ட சொன்னியா?"

"இன்னும் இல்லீங்க."

"அப்ப எங்கிட்ட ஏம்மா சொல்றே?"

அவர் குரலை உயர்த்தவில்லை. லென்ஸைத் துடைப்பதையும் நிறுத்தவில்லை. பம்பரத்துக்குக் காது சுட்டது.

மாடிக்கதவு சாத்தித்தான் இருந்தது, தாழ்ப்பாள் போடவில்லை. பாப்பா கட்டிலில் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருந்தாள். வெளுத்த சீருடை இரண்டு ஜோடி இஸ்திரி போட்டு நாற்காலியில் இருந்தது. போட்டுக்கொண்டு போக இடமில்லாதவள் எதற்கு இஸ்திரி போட்டாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பம்பரம் நின்றபடியே சொன்னாள். பூசி மெழுகவில்லை. அலமாரி, துண்டு, வேகமான கேள்வி, எல்லாவற்றையும் சொன்னாள்.

நிம்மதிப்படுவாள், அழுவாள், கட்டிக்கொள்வாள் என்று பம்பரம் ஏதேதோ எதிர்பார்த்திருந்தாள்.

"மூணு தடவ சொன்னேன் அண்ணி," என்றாள் பாப்பா.

"ஆமா."

"எட்டாவது பெட்டுலேருந்துன்னு சொன்னேன். எண்ணி, பாத்து, அந்த நம்பரையே சொன்னேன். நீங்க என் மூஞ்சியக்கூடப் பாக்கல. தட்ட வச்சிக்கிட்டு நடந்துக்கிட்டிருந்தீங்க."

"தப்புதான்."

"அந்த மனுஷன் செத்துப் போயிருந்தா? அவரு பொண்டாட்டி கத்தின சத்தம் இன்னும் எனக்குக் கேக்குது. உங்களுக்கு அது ஒரு வரி. இல்ல?"

கோபம் நியாயமானது, பம்பரம் அதை வாங்கிக்கொண்டு நின்றாள். பாப்பா அன்று கீழே இறங்கிவந்து சாப்பிட்டாள். அண்ணியின் பக்கம் திரும்பவில்லை.

திங்கட்கிழமை மருத்துவமனையின் கூட்ட அறையில் நீள மேசை. தலைமை மருத்துவர், நரை விழுந்த, வெடுக்கென்று பேசுகிற பெண்மணி, நடுவில். ஒரு பக்கம் பாப்பா, இஸ்திரி போட்ட சீருடையில். கேலண்டர் அறிக்கையை வாசித்தார்: கருவி எச்சரித்தது, செவிலியர் எச்சரிக்கையை மீறினார். வாசித்துவிட்டு உட்கார்ந்தார்.

பம்பரம் எழுந்தாள். அவள் பெயரை யாரும் கூப்பிடவில்லை.

"அது முழு அறிக்கை இல்ல டாக்டர்," என்றாள். கையிலிருந்த கம்ப்யூட்டரை மேசைமேல் வைத்துப் பழைய வடிவத்தை ஓட விட்டாள். "ஒரு நம்பர் சொல்லுங்க. படுக்கை நம்பர்."

"அறுபது."

அறுபதைத் தட்டினாள், மறுபடி அறுபது. பச்சை.

"இப்ப நூத்தி முப்பத்தஞ்சு," என்றபடி பம்பரமே தட்டினாள், மறுபடி அதையே தட்டினாள். கத்தியது. அந்த அறையில் அந்தச் சத்தம் அசிங்கமாக இருந்தது. பாப்பாவின் வலது கை மேசைமேல் ஒருமுறை துள்ளியதைப் பம்பரம் பார்த்தாள். நூற்றிருபத்தெட்டு, நூற்று நாற்பது, நூற்றைம்பது. கத்தியது, கத்தியது, கத்தியது. தலைமை மருத்துவர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"இது எத்தனை நாளா?"

"ஏழு வாரம். ஒன்பதாயிரத்துக்கு மேல பொய்யாக் கத்தியிருக்கு. தப்பு என்னுது. இவங்க என்கிட்ட மூணு தடவ நேரா சொன்னாங்க. நான் காதுல போட்டுக்கல."

"ஆனா அன்னிக்கு அது சரியாத்தான கத்துச்சு?"

"ஆமா டாக்டர். அது ஒண்ணுதான் நிஜம். மத்த ஒன்பதாயிரமும் அதே சத்தம், அதே சிவப்பு. எது நிஜம்னு இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

தலைமை மருத்துவர் பாப்பாவைப் பார்த்தார். நீ என்ன சொல்கிறாய் என்பது போல.

"நான்தான் அமுக்கினேன் டாக்டர்," என்றாள் பாப்பா. "மிஷினு கத்தினாலும் கத்தாட்டியும் நம்பரப் படிக்க வேண்டியது என் வேலை. நான் படிக்கல."

வேலை தப்பியது. உரிமமும் தப்பியது. எழுத்தில் ஒரு எச்சரிக்கை மட்டும். புகார் எண்ணுக்கு வந்த புகார்களை எல்லாம் மருத்துவமனை கேட்டு வாங்கிக்கொண்டது. ஐந்து மருத்துவமனைகளில் இரண்டு விலகின. கேலண்டர் பம்பரத்தை இயந்திர வேலையிலிருந்து எடுத்துவிட்டு, பயன்படுத்துவோர் கையேடு எழுதுகிற மேசைக்கு மாற்றினார். ஜன்னல் இல்லாத அறை. நடக்க ஒன்பது எட்டுதான் இருந்தது. அவள் முனகவில்லை.

ஆனால் பாப்பா வேலைக்குத் திரும்பிய பத்தாம் நாள், கீழ்வீட்டு மேசையில் எதிரே வந்து உட்கார்ந்து, விசாரணைக்குப் பிறகு முதல் தடவையாக அண்ணியிடம் வாயைத் திறந்தாள்.

"பல்ஸ் பாக்கறேன், கட்டு மாத்தறேன், பெட்டு மாத்தறேன். மருந்த மட்டும் தொட மாட்டேன்னு மேட்ரன்கிட்ட சொல்லிட்டேன்."

"ஏன் பாப்பா? இப்ப மிஷினு சரியா இருக்கே. சும்மா கத்தறதில்லையே."

"அதான் அண்ணி. இப்ப கத்தினா நிஜம். முந்தாநாளு பக்கத்து வார்டுல ஒரு தடவ கத்துச்சு. நான் சும்மாதான் பக்கத்துல நின்னேன். என் கை தானாப் போயிருச்சு. அந்த நர்ஸு என் கையப் புடிச்சு இழுத்தா." வலது கையை மேசைமேல் வைத்து, அது தன்னுடையதல்ல என்பது போலப் பார்த்தாள். "நீங்க உங்கத திருத்திட்டீங்க. இது எப்படித் திருந்தும்?"

பம்பரம் மறுநாள் அலுவலகத்திலிருந்து பழைய ஸ்கேனர் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். நூற்றிருபத்தெட்டிலிருந்து நூற்றைம்பது வரை காகிதத்தில் கைப்பட்டைகள் அச்சடித்தாள், அதே எண்களில் சீட்டுகளும். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அண்ணி ஒரு சீட்டும் ஒரு பட்டையும் எடுத்து வைப்பாள். பெரும்பாலும் ஒத்துப்போகிற ஜோடி. நடுநடுவே சொல்லாமல் கொள்ளாமல் ஒத்துப்போகாத ஜோடி. பாப்பா இரண்டையும் ஸ்கேனரில் காட்ட வேண்டும். கத்தினால் கையைப் பின்னால் எடுத்துக்கொண்டு, இரண்டு எண்ணையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

முதல் நாள் பன்னிரண்டு தடவை கத்தியது. பன்னிரண்டு தடவையும் பாப்பாவின் கண் எண்ணைப் படிக்கும் முன்பே விரல் பொத்தானுக்குப் போய்விட்டது.

மூன்று வாரம் ஆயிற்று. அண்ணன் கடையிலிருந்து வந்து சத்தம் போடாமல் அடுக்களையில் தட்டு எடுத்து வைப்பார். வெளியே தெருவில் யாரோ வண்டியை நிறுத்துவார்கள், நாய் குரைக்கும், பாப்பா நிமிரவே மாட்டாள். பன்னிரண்டில் ஏழாகக் குறைந்தது, ஐந்தாயிற்று, நாலாயிற்று, மறுபடி ஆறுக்கு ஏறியது.

"நூத்தி முப்பத்தி ஒண்ணு," என்றாள் பாப்பா, கருவி கத்தியதும். கை பின்னால்தான் இருந்தது. "நூத்தி நாப்பத்தி ஒண்ணு. வேற ஆளு."

"சரி."

அடுத்தது ஒத்துப்போனது. அதற்கடுத்ததும். அதற்கடுத்ததற்குக் கருவி கத்தியது, அந்த நொடியே பொத்தான் அமுங்கிய சத்தமும் கேட்டது. இரண்டு பேரும் அந்த விரலைப் பார்த்தார்கள். இதற்கு எந்த வரியைத் திருத்துவது என்று பம்பரத்துக்குத் தெரியவில்லை.

பாப்பா விரலை எடுத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு வைங்க அண்ணி."

அவள் வைத்தாள்.